எங்கள் வண்டிக்கு நானே போட்ட சைலன்சர்



நான் எழுதிப் பழக்கமில்லாதவள். காவத்தைப் பக்கத்தில், தேயிலையும் இறப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில், லயத்தின் தொங்கல் காம்பராவில் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அண்ணனோடும் இருக்கிறேன். ஒரு பழைய மாருதி 800 வண்டியை ஓட்டித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. காலையில் மேல் கணக்கு லயங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளை முன்பள்ளிக்குக் கொண்டு போய் விடுவேன். மத்தியானம் திருப்பிக் கூட்டி வருவேன். இராத்திரியில் யாருக்காவது இடுப்பு வலி கண்டாலோ, பாம்பு கடித்தாலோ என் கதவைத்தான் தட்டுவார்கள். முன்பெல்லாம் நோயாளிகளைத் தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்கோடு சாக்காக ஏற்றிப் போவார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் எங்கள் சின்ன வண்டி ஒரு அம்புலன்ஸ் மாதிரி.

வண்டியின் புகைக்குழாயை, அதாவது எல்லோரும் சைலன்சர் என்று சொல்லும் அந்தச் சாமானை, 2023ஆம் ஆண்டில் வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். அதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் பிறந்ததும் இதே பகுதியில்தான். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது எனக்கு ஏழு வயது. லயம் எரிந்த இராத்திரி எங்களை அம்மா இறப்பர் காட்டுக்குள் உட்கார வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வவுனியா, பின்பு கிளிநொச்சி மலையாளபுரம். எங்களைப் போலத் தோட்டங்களிலிருந்து போன சனம்தான் அங்கே அதிகம். மூத்த அண்ணன் மட்டும் போகவில்லை. அவர் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் ஒளிந்திருந்து, பிறகு தோட்டத்திலேயே தங்கி விட்டார்.

மலையாளபுரத்தில்தான் என் கல்யாணம். கணவர் மெக்கானிக். பாலை மரத்தடியில் நாலு தகரத்தைப் போட்டு ஒரு கராஜ் வைத்திருந்தார். பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோல், மருந்து கொடுக்கிற மாதிரி. மண்ணெண்ணெய் சரியாக எரியாது, கரி கட்டும். குழாய்களுக்குள் கரி பிடித்து, இழுவை இல்லாமல் வண்டிகள் வந்து நிற்கும். அவர் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டிக் கரியை உதிர்ப்பார். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பேன், சாவி எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு கேட்டால் பன்னிரண்டு, பதினாலு கேட்டால் பதினாலு. அப்போது அதை ஒரு படிப்பு என்று நான் நினைக்கவில்லை.

2009 மே மாதம் அவரை இழந்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அது தெரிந்த கதை. மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்து, இடிந்த வீட்டில் இரண்டு வருடம் பார்த்தேன். முடியவில்லை. அண்ணன் வந்து கூட்டிக் கொண்டு போனார். முப்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த மண்ணுக்கு அகதியாகவே திரும்பி வந்தேன்.

மாருதி அண்ணனுடையது. அவர்தான் ஹயர் ஓடினார். சர்க்கரை வியாதியில் அவருக்கு ஒரு கால் எடுத்த பிறகு வண்டி ஆறு மாதம் வாசலில் நின்றது. கோழி அதற்கடியில் முட்டையிட்டது. விற்றுவிடலாம் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் நான் ஓட்டப் பழகிக் கொள்கிறேன் என்று சொன்னேன். சிரித்தார். பிறகு அவரே ஊன்றுகோலோடு பக்கத்து ஆசனத்தில் இருந்து பழக்கினார். அனுமதிப்பத்திரம் எடுக்க இரண்டு தரம் போனேன். முதல் தரம் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் முட்டி விட்டேன்.

இனி சைலன்சர் கதைக்கு வருகிறேன்.

தோட்டத்து ரோடு எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை கழுவிக் கொண்டு போன பிறகு கல் மட்டும் மிஞ்சியிருக்கும். மாருதி தாழ்ந்த வண்டி. அடியில் கல் தட்டித் தட்டிக் குழாய் நசுங்கியது. அதோடு துரு. துரு வெளியிலிருந்து மழையால்தான் பிடிக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளேயிருந்தும் பிடிக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருமாம். குளிர்ந்த காலையில் குழாய் நுனியில் தண்ணீர் சொட்டுவது அதுதான். தூரப் பயணம் போனால் குழாய் நன்றாகச் சுட்டு அந்த ஈரம் காய்ந்துவிடும். என்னைப் போல அரை மணித்தியாலத்துக்குள் ஓட்டத்தை முடித்து நிறுத்துபவர்களுடைய வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும்.

ஒரு கராஜில் இரண்டு தரம் வெல்டிங் பிடித்தார்கள். முதல் தரம் மூன்று மாதம் தாங்கியது. இரண்டாம் தரம் மூன்று கிழமை. துருப்பிடித்து மெலிந்த தகரத்தில் வெல்டிங் நிற்காது, பக்கத்தில் புது ஓட்டை விழும் என்று காசு வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். மூன்றாம் தரம் போனபோது, "சத்தம்தானே அக்கா, வண்டி ஓடுதுதானே" என்றார் அங்கிருந்தவர். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் ஓட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

முன்பள்ளிப் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். பித்தம் என்று தாய்மார் தேசிக்காயை முகரக் கொடுத்து அனுப்பினார்கள். மழை நாளில்தான் அதிகம். ஆறு பிள்ளைகள், பாட்டுப் பாடிக் கொண்டு ஏறுவார்கள், பாதி வழியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி விடுவார்கள். முன்பள்ளி வாசலில் இறக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து ஓடுவார்கள். எனக்கும் தலையிடி. வெயில் நாளில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் யாருக்கும் ஒன்றுமில்லை. இதை நான் சேர்த்துப் பார்க்கவே பல நாளாயிற்று. எங்கள் பகுதிக்கு வரும் குடும்பநல மருத்துவ மாதுவை ஒருநாள் வண்டியில் ஏற்றிப் போனேன். பத்து நிமிடத்தில் அவர், "வண்டிய நிப்பாட்டுங்க, கண்ணாடி எல்லாம் திறங்க" என்றார். இறங்கியதும் கால் மிதிக்கும் இறப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். தரையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு துரு ஓட்டை. அதற்கு நேர் கீழே குழாயின் வெடிப்பு.

பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குக் காபனோரொட்சைட்டு என்ற பெயர் தெரிந்திருக்கும். நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் இல்லாத இடத்திலும் அது இருக்கலாம். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து போகும் ஈமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பாமலே போகலாம். சின்னப் பிள்ளைகளையும் வயிற்றில் பிள்ளை உள்ளவர்களையும் அது சீக்கிரம் தாக்கும். நான் இராத்திரியில் ஏற்றிப் போனது யாரை? கண்ணாடியை மூடு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிரும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

(மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டுபவர்களும், மழைக்குக் கதவைச் சாத்திக் கொண்டு கரிச்சட்டியில் குளிர் காய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதே வாயுதான்.)

அன்றோடு பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்தினேன். வருமானமும் நின்றது. தாய்மாருக்குக் காரணத்தைச் சொன்னேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். படவேண்டியதுதான்.

இன்னொன்றும் இருந்தது. வண்டியின் சத்தம். மேட்டில் ஏறும்போது வெடிக்கும். விடியப்புறம் ஹயர் முடிந்து வீட்டுக்கு வரும்போது, என் மூத்த மகள் படுக்கையில் இருக்க மாட்டாள். சுவரோரமாகத் தரையில் முழங்காலைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பாள். பங்கரில் இருந்த மாதிரி. அப்போது அவளுக்கு ஏழு வயது, நான் இந்தத் தோட்டத்தை விட்டு ஓடிய அதே வயது. இன்றைக்குப் பெரிய பிள்ளை, தையல் வகுப்பு எடுக்கிறாள். கேட்டால், "தூக்கம் வரல்லம்மா, அதான்" என்பாள். அண்ணன்தான் ஒருநாள் சொன்னார்: "தங்கச்சி, வண்டி சந்தியில திரும்பின ஒடனே எழும்பி அங்க போயிருது அந்தப் புள்ள. சத்தம் நின்ன பொறகுதான் மூச்சு விடுது."

புது சைலன்சரும் குழாயும் முழுதாகப் போட ஒரு கடையில் கேட்ட விலை எனக்கு மூன்று மாத வருமானம். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு சாமான் விலை எல்லாம் அப்படித்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நாடு முழுவதும் பழைய வண்டியையே ஒட்டுப் போட்டு ஓட்டினோம். அது 2025இல்தான் திரும்பத் திறந்தது. மாருதி 800 இந்தியாவில் 1983 முதல் 2014 வரை செய்த வண்டி. இப்போது செய்வதில்லை. ஆனாலும் சாமான் கிடைக்கிறது, அது ஒரு புண்ணியம். அண்ணன் சொன்னபடி கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய வண்டிகளைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் கடைகள் வரிசையாக உள்ள இடம். உள்ளூரில் செய்த புது சைலன்சர் ஒன்றும், கழற்றிய பழைய முன் குழாய் ஒன்றும் எடுத்தேன். பழைய குழாயை விரல் மொழியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே துரு தின்றிருந்தால் மண்சட்டி மாதிரிக் கேட்கும். நான் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டக் கடைக்காரர் பேசாமல் பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு தானே உள்ளே போய் நல்லதாக ஒன்றைக் கொண்டு வந்தார்.

சாக்கில் சுற்றிய குழாயைத் தோளில் சாய்த்துக் கொண்டு பஸ்ஸில் வந்தேன். கொண்டக்டர் அதற்கும் அரை டிக்கட் போட்டார். அவிசாவளை வரைக்கும் எனக்கு வேறொரு நினைவு. இப்படி ஒரு நீளக் குழாயைச் சாக்கில் சுற்றிக் கொண்டு ஒரு தமிழ்ப் பெண் அந்தக் காலத்தில் எத்தனை சோதனைச் சாவடியைத் தாண்டியிருப்பாள்? எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த சிங்கள அம்மா என்ன சாமான் என்று கேட்டார். சைலன்சர் என்றேன். தன் மகனுடைய ஓட்டோவுக்கும் அது போய்விட்டதாம். பெல்மதுளையில் இறங்கும்வரை அதைத்தான் பேசினோம்.

வேலையை வெள்ளிக்கிழமை பின்னேரமே தொடங்கினேன். வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஓடி வந்த குழாய் தோலை உரித்துவிடும். நட்டுகளைக் கம்பித் தூரிகையால் உரசி, மண்ணெண்ணெய் விட்டு, இராத்திரி முழுக்க ஊற விட்டேன். "துருவோட சண்டை பிடிக்காத, அதுக்கு நேரம் குடு" என்று அவர் சொல்வார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய் மறுபடி விட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டியை உயர்த்தியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜக் என்பது தூக்குவதற்கு மட்டும். அதை நம்பி ஒரு போதும் வண்டிக்கடியில் தலையை வைக்கக் கூடாது. சீமெந்துக் கல்லையும் அடுக்கக் கூடாது. பாரம் தாங்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். சமதரையில் நிறுத்தி, கையால் இழுக்கும் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் அண்டை வைத்தேன். முன் சக்கரங்களைத் தடித்த பலா மரக் கட்டைகள் மேல் ஏற்றினேன். அதற்கு மேலும் பயம் தீராமல் ஸ்பெயார் சக்கரத்தைப் பக்கவாட்டில் அடியில் படுக்க வைத்தேன். வண்டி சரிந்தாலும் சக்கரத்தின் மேல்தான் விழும். தோளைக் கொடுத்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் உரச் சாக்கை விரித்துப் படுத்தேன்.

அதற்குள் லயத்து வாசல் எல்லாம் கூட்டம். பெண் ஒருத்தி வண்டிக்கடியில் படுத்துக் கிடப்பதை இந்தத் தோட்டம் கண்டதில்லை. நான் பாவாடைக்கு உள்ளே அண்ணனுடைய பழைய காற்சட்டையைப் போட்டிருந்தேன். அண்ணன் படியில் உட்கார்ந்து, "ஒனக்கு என்னத்துக்கு தங்கச்சி இந்த வேல" என்று ஒரு பத்துத் தரம் சொன்னார். ஆனால் சாவியை எடுத்துக் கொடுத்தது அவர்தான். பன்னிரண்டு கேட்டால் பதினாலைத் தருவார்.

கழற்றும்போது முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கமாகத் திருப்ப வேண்டும். துருப் பிடி விடும். பிறகு கழற்றுகிற பக்கம். அப்படியே பின் இணைப்பு நட்டுகள் வந்தன. முன்னால் இஞ்சினோடு சேரும் இடத்தில் ஒன்று மட்டும் முனை மழுங்கி, சாவி வழுக்கியது. கண்ணில் துரு கொட்டியது. வெளியே வந்து கண்ணைக் கழுவிக் கொண்டு, இளைய மகளின் விஞ்ஞானப் பாடக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக் கொண்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அந்த நட்டை உளி வைத்துப் பக்கவாட்டில் பிளந்துதான் எடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் அந்த ஒரு நட்டுக்கு. பழைய குழாயை இரும்பு வாளால் இரண்டாக அறுத்து இறக்கினேன். முழுதாக இழுக்கப் போனால் பின் அச்சில் சிக்கும். இறக்கிக் கையில் வைத்துப் பார்த்தால் ஐந்து ஓட்டை. ஒன்றைத்தான் நாங்கள் கண்டிருந்தோம்.

புகைக்குழாய் வண்டியின் உடம்போடு இரும்பால் இறுக்கிக் கட்டப்படுவதில்லை. இறப்பர் வளையங்களில் தொங்குகிறது. இஞ்சின் அதிரும்போது அதிர்ச்சி வண்டிக்குள் வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்களுடைய வளையம் இரண்டு எப்போதோ அறுந்து, அண்ணன் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டிருந்தார். அது சூட்டில் தார் மாதிரி உருகிப் போயிருந்தது. வளையம் இல்லாமல் ஆடிய குழாய்தான் கல்லில் இடிபட்டு வெடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "நம்ம தோட்டத்துல இல்லாத றப்பரா, ஒட்டுப்பால உருட்டி ஒரு வளையம் செய்றேன்" என்றார் அண்ணன். பச்சை இறப்பர் சூட்டில் இளகும், கந்தகம் சேர்த்துச் சுட்டால்தான் தாங்கும். அது ஒரு தொழிற்சாலை வேலை. 1876இல் இங்கிலாந்திலிருந்து சுமார் 1,900 இறப்பர்க் கன்றுகளைக் கொண்டு வந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நட்டதிலிருந்து தொடங்கிய மரங்கள் இவை. எங்கள் அம்மா அந்த மரத்தில் பால் வெட்டிக் கத்தியோடு கூனியவர். அந்தப் பால் எந்த ஊருக்குப் போய் வளையமாக வந்ததோ, ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்கு நாலு வளையம் நான் காசு கொடுத்து வாங்கினேன். சவர்க்காரத் தண்ணீர் தடவினால் சுலபமாக ஏறும்.

போடும்போது ஒரு விதி உண்டு. எதையும் முதலில் இறுக்கக் கூடாது. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, இணைப்பின் முகத்தைச் சுத்தமாக்கி, புதுக் கேஸ்கட் வைத்து, எல்லா நட்டையும் கையால் பாதி மட்டும் ஏற்றித் தொங்க விட்டேன். பிரேக் எண்ணெய்க் குழாயிலோ தரையிலோ தொடாமல் எல்லா இடமும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னாலாக இறுக்கிக் கொண்டு வந்தேன். தரையிலிருந்த ஓட்டைக்குத் தகரத் துண்டு வைத்து அடைத்தது அடுத்த நாள்.

ஸ்டார்ட் எடுத்தேன். இளைய மகள் தடித்த சாக்குத் துணியை மடித்துக் குழாய் நுனியை ஒரு நொடி பொத்தினாள். எங்காவது ஒழுகினால் அந்த இடத்தில் "புஸ்" என்று கேட்கும். நடு இணைப்பில் கேட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, யூ கிளாம்ப்பைத் திரும்பக் கழற்றிப் போட்டேன். இரண்டாம் தரம் பொத்தினால் துணி கையைத் தள்ளிக் கொண்டு போனதே தவிர வேறு சத்தமில்லை. வாசலில் நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த மாதம் புகைப் பரிசோதனைக்குப் போனேன். 2008இலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. முதல் தரத்திலேயே சித்தியடைந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். ஆறாவது பிள்ளையின் தாய் இன்னும் அனுப்பவில்லை. கேட்கவும் மனமில்லை. இப்போது மழை நாளிலும் பின் கண்ணாடியை இரண்டு விரல் திறந்துதான் ஓட்டுகிறேன். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி நட்டுகள் இளகும் என்பதால் ஒரு கிழமை கழித்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினேன். அதை மறந்தால் செய்த வேலை வீண்.

போட்ட மூன்றாம் நாள் இராத்திரி பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பெல்மதுளை வழியாக இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனேன். பெண் குழந்தை. திரும்பி வரும்போது விடியப்புறம் நாலு மணி இருக்கும். மேட்டில் மெதுவாக ஏறி வாசலில் நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போனேன். மூத்தவள் சுவரோரம் இல்லை. பாயில் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொண்டு படுத்திருந்தாள். நான் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கும் சத்தத்தில்தான் கண் விழித்தாள்.

"எப்பம்மா வந்தீங்க? வந்ததே தெரியல" என்றாள்.